எழுதி முடிக்காத உலகத்தை ஊருக்குக் காட்டலாமா?

கேள்வி, 9 ஜனவரி 2025

அக்கா, சில வருடங்களாக ஒரு கற்பனை நாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வரைபடம், ஐந்து அரச குடும்பங்கள், நாள்காட்டி, நாணயம், தெய்வங்கள் எல்லாம் தயார். நாவல் மட்டும் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. ஒரு நண்பன், எல்லாவற்றையும் இணையத்தில் போடு, வாசகர்கள் தானாகச் சேர்வார்கள் என்கிறான். இன்னொருவன், போட்ட மறுநாளே யாராவது சுட்டுவிடுவார்கள், புத்தகம் வரும்வரை வாயைத் திறக்காதே என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

9 ஜனவரி 2025, இரவு

முதலில் திருட்டுப் பயம். நல்ல கற்பனை உள்ள பலரை இந்தப் பயம் முடக்கி வைத்திருக்கிறது.

கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனந்த் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதி 1950-களில் டெல்லியில் மேடையேற்றினார். வேற்று மாகாணத்துக்காரர்களை ஒதுக்கும் மனப்பான்மை பற்றிய கதை. படம் எடுக்க ஆர்வம் காட்டியவர்களுக்கு அவரே கதையை விவரமாகச் சொல்லியும் இருக்கிறார். 1956-இல் 'நியூ டெல்லி' படம் வந்தது. என் நாடகத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார். தோற்றார். கரு, கதைப்பொருள், கதைக்கட்டு, வரலாற்றுச் செய்தி எதுவும் ஒருவருக்குச் சொந்தமில்லை, அதை எழுதிய விதத்திலும் அடுக்கிய விதத்திலும்தான் உரிமை என்றது நீதிமன்றம்.

உங்கள் நாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஐந்து குடும்பங்கள் ஒரு சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்வதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், உங்கள் பதிவைப் படித்துவிட்டும் எழுதலாம். நீங்கள் எழுதிய பத்தி, வரைந்த வரைபடம், தெய்வத்துக்குப் பாடும் பாட்டின் வரிகள் எல்லாம் எழுதிய கணத்திலிருந்து உங்களுடையவை. அவற்றை அப்படியே எடுத்தால் கேட்க முடியும்.

சரி, கருவைக் காப்பாற்ற என்னதான் வழி? சொல்லாமல் இருப்பது ஒன்றுதான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி: உங்கள் உலகத்தில் எது வெளியே தெரிந்தால் நாவல் செத்துப்போகும்? தேடிப் பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும். அதைப் பூட்டி வையுங்கள். நாணயமும் நாள்காட்டியும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டியவை இல்லை.

10 ஜனவரி 2025

கையெழுத்துப் பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது நெடுநாளாகச் சுற்றும் யோசனை. உறை நீங்கள் வைத்திருந்ததைக் காட்டலாம், உரிமையைத் தராது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி உரிமை படைக்கும்போதே வந்துவிடுகிறது. பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

பதிவு செய்தால் ஒரு பயன் உண்டு. வழக்கென்று வந்தால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல் தோற்றச் சான்றாக, அதாவது யாரும் மறுத்து நிரூபிக்காதவரை சரியென்று, எடுத்துக்கொள்ளும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு நாட்குறிப்பு எண் (டைரி நம்பர்) வந்ததும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பார்கள். வெளியாகாத படைப்பையும் பதியலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. உரிமைக் காலம் ஆசிரியரின் ஆயுள், அதற்குப் பிறகு 60 ஆண்டு.

மூன்று அத்தியாயத்துக்காக இப்போதே ஓட வேண்டாம். முழு வரைவு முடிந்ததும் செய்யுங்கள். அதுவரை தேதியோடு கோப்புகளைச் சேமித்து வந்தாலே போதும், பழைய வரைவுகளை அழிக்காதீர்கள்.

12 ஜனவரி 2025

என் நாவலின் கற்பனை உலகத்தை இணையத்தில் காட்டியதால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நீளமாகச் சொல்கிறேன்.

என் உலகம் ஓர் ஏரிச் சங்கிலி. மலையடிவாரத்தில் முதல் ஏரி. அது நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால் இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, இப்படியே கடற்கரை வரை. அரசன் கிடையாது. ஒரே ஒரு சட்டம்: கடைசி ஏரிக்காரர்கள்தான் முதல் ஏரியின் மதகுக்குக் காவல் வைப்பார்கள். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊருக்கு முதல் மதகில் அதிகாரம். திருமணம், கடன், தண்டனை, விருந்தோம்பல் எல்லாம் இந்தச் சட்டத்திலிருந்து கிளைத்தன.

வரைபடத்தையும் இந்தச் சட்டத்தையும் வெளியிட்டேன். கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதலில் வந்தது பொறியியல் படித்த ஒருவரின் குறிப்பு. நான் வரைந்திருக்கும் மேட்டைப் பார்த்தால் நாலாவது ஏரியிலிருந்து ஐந்தாவதற்குத் தண்ணீர் ஏறிப் போக வேண்டியிருக்கும் என்றார். ஏரியை மேற்கே தள்ளினேன். அப்படித் தள்ளியதில் இரண்டு ஊர்கள் எல்லை ஊர்களாகிவிட்டன. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் இன்று நாவலின் பாதி நடக்கிறது.

அடுத்தது என்னை உலுக்கியது. சிவகங்கைப் பக்கத்து வாசகர் ஒருவர் நீர்க்கட்டிகள் என்னும் ஏரித் தண்ணீர் பங்கிடும் ஆட்களைப் பற்றி எழுதினார். மதகைத் திறந்து மூடுவதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பாய்ச்சுவதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையைச் சுற்றி வருவதும் அவர்கள் வேலை. கூலி நெல்லாகக் கிடைக்கும். அந்த வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களிடம் இருந்தது, அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரி பாயும் பரப்பில், நிலம் இல்லாதவர்தான் பாரபட்சம் பார்க்காமல் பங்கிடுவார் என்று ஊர் அதற்கு நியாயமும் சொல்லும். தண்ணீரைப் பங்கிடுகிறவருக்குத் தண்ணீர் பாய ஒரு குழி நிலம்கூட இல்லை. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அன்று வேறு எதுவும் செய்ய முடியவில்லை. என் மையப் பாத்திரம் அதுவரை ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை. அவனை ஓரத்துக்கு நகர்த்தினேன். மதகுக் காவலர் வீட்டுப் பெண் நடுவே வந்தாள்.

எந்த நூலகத்தில் எவ்வளவு நாள் உட்கார்ந்தாலும் இந்த இரண்டும் எனக்கு ஒன்றாகக் கிடைத்திருக்காது. அதனால்தான் காட்டுங்கள் என்கிறேன்.

13 ஜனவரி 2025

இது பெரிய எழுத்தாளர்களுக்கும் நடந்திருக்கிறது. ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலைத் தன் சொந்த இணையதளத்தில்தான் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். படித்தவர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் வேதியியலிலும் கணக்கிலும் இருந்த பிழைகளைச் சுட்டினார்கள், திருத்திக்கொண்டே போனார். 2011-இல் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் 99 செண்டுக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான் ஒலிநூல், 2014-இல் பெரிய பதிப்பகத்தின் அச்சு, 2015-இல் திரைப்படம்.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். 'மார்ஷியன்' எல்லாருக்கும் நடக்காது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நடக்காதுதான். வெற்றிக்கு உதாரணமாக நான் அதைக் கொண்டுவரவில்லை, பிழை திருத்தத்துக்கு உதாரணமாகத்தான் சொன்னேன்.

17 ஜனவரி 2025

இப்போது, காட்டினால் உண்மையிலேயே எதை இழப்போம் என்பதற்கு வருகிறேன். திருட்டைவிட இதுதான் அடிக்கடி நடக்கிறது.

பத்திரிகைகளும் போட்டிகளும் 'இதற்கு முன் வெளியாகாத' படைப்பைத்தான் கேட்கும். இன்று பெரும்பாலான விதிமுறைகளில் அச்சு, இணையம், சமூக ஊடகம் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறார்கள். முகநூலில் நாற்பது பேர் படித்த கதையும் வெளியான கதைதான். என் சிறுகதை ஒன்று போட்டியின் கடைசிச் சுற்றுவரை போய், இணையத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வெளியே வந்தது. விதி விதிதான், எனக்கு அதில் கோபமில்லை. ஆங்கிலத்தில் அறிவியல் புனைவு வெளியிடும் இதழ்கள் இதில் இன்னும் கறார். அவர்கள் காசு கொடுத்து வாங்குவதே முதலில் வெளியிடும் உரிமையைத்தான்.

கிண்டிலில் தானே வெளியிட நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே கேடிபி செலக்ட் என்று 90 நாள் திட்டம் ஒன்று உண்டு, அதில் சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்வடிவம் அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். உங்கள் வலைப்பூவில் இலவசமாகக் கிடப்பதும் மீறல்தான். மாதிரிக்குப் பத்து சதவீதம்வரை வெளியே வைக்கலாம். அத்தியாயங்களை வரிசையாகப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களுக்கு அங்கிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்.

தமிழ் அச்சு நாவல் உலகத்தில் இந்தக் கட்டு தளர்வுதான். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை நாள்தோறும் அவர் தளத்தில் வந்தது, 26 நாவல்கள், பிறகு அச்சிலும் வந்தன. அவருக்கு ஏற்கனவே வாசகர் கூட்டம் இருந்தது, அது வேறு கணக்கு. ஆனாலும் இணையத்தில் வந்தது என்பதற்காகவே தமிழ்ப் பதிப்பகம் ஒரு நாவலைத் தள்ளுவது அரிது. நம் வாசகர்களும் தொடர்கதையில் வளர்ந்தவர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் 'கல்கி'யில் படிக்கப்பட்டுத்தான் புத்தகமானது.

18 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு, வரைபடத்தையும் நீக்கிவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். 'வெளியான படைப்பு' என்ற விதி கதைக்கும் அத்தியாயத்துக்கும்தான். நாணயத்தைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் எழுதிய குறிப்பு நாவலை வெளியானதாக ஆக்காது. குறிப்பில் உள்ள பத்தியை அப்படியே நாவலில் ஒட்டாமல் இருந்தால் போதும், புதிதாக எழுதுங்கள். எப்படியும் குறிப்பின் மொழி நாவலுக்குப் பொருந்தாது.

25 ஜனவரி 2025

சிவகங்கை வாசகரைப் பற்றிப் பேசியதும் ஒருவர் கேட்டார்: அவர் கொடுத்ததைப் பயன்படுத்தினீர்களே, நாளைக்கு அவர் பங்கு கேட்டால்? நியாயமான கேள்வி.

நடைமுறையாக உள்ள ஒரு தகவல் யாருக்கும் சொந்தமில்லை. நீர்க்கட்டிகள் இருந்தார்கள் என்பது உலகறிந்த செய்தி. ஆனால் வேறொன்று நடந்தது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், கலிங்கில் நட்டிருக்கும் கற்களின் இடைவெளியை மேலூர்க்காரர்கள் மண்ணும் தழையும் வைத்து அடைத்து நீர்மட்டத்தை ஏற்றுவதையும், கீழூர்க்காரர்கள் ராத்திரியில் வந்து அதைப் பிடுங்கிப்போடுவதையும் சொன்னார். அதோடு விடாமல், 'உங்கள் கதையில் காவல்காரப் பெண்ணே ஒருநாள் தன் ஊருக்காக அதைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்?' என்றும் எழுதிவிட்டார். முதல் பாதி தகவல். இரண்டாம் பாதி கதை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே சிக்கல் வந்திருக்கிறது. 'பாபிலோன் 5' தொடரை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, தொடர் ஓடும்போதே இணையத்தில் ரசிகர்களோடு தினமும் பேசிக்கொண்டிருந்தார். கொலைகாரர்களின் நினைவை அழித்து வேறொரு ஆளாக்கிவிடுவது அந்த உலகத்தின் தண்டனை. அப்படி மாற்றப்பட்டவனுக்குத் தன் பழைய வாழ்க்கை தெரியவந்தால் என்ன ஆகும் என்று ரசிகர் ஒருவர் எழுதிவிட்டார். அதே கதையை ஸ்ட்ராசின்ஸ்கி ஏற்கனவே யோசித்து வைத்திருந்தார். ஆனாலும் அதை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அந்த ரசிகர் உரிமை கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பகுதி எடுக்கப்பட்டு 1995-இல் ஒளிபரப்பானது. ரசிகர்கள் கதை யோசனை எழுதவே கூடாது என்ற விதியோடு தனிக் குழு பிறகு வந்தது.

நான் ராமநாதபுரத்துக்காரருக்குத் தனியாக எழுதினேன். இந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாமா, நன்றிப் பக்கத்தில் பெயர் போடலாமா, வேறு எதிர்பார்ப்பு உண்டா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர் போதும் என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்புறம் என் பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: 'இங்கே தகவலும் திருத்தமும் சொல்லுங்கள், கதை இப்படிப் போகலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.' யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகு வந்த குறிப்புகள்தான் ஆழமானவை. ஆளாளுக்குத் தங்கள் ஊர் வழக்கத்தை எழுத ஆரம்பித்தார்கள்.

26 ஜனவரி 2025

'அந்த வரி ரசிகர்களை விரட்டாதா?' இல்லை. கதை சொல்லித் தர ஆசைப்படுகிறவர் வேறு, உங்கள் உலகத்தை நேசிக்கிறவர் வேறு. இரண்டாமவர் நிற்பார்.

2 பிப்ரவரி 2025

இரண்டு நாளாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். காட்டுங்கள் என்று இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்.

உலகத்தைப் பற்றிய பதிவுக்கு உடனே பாராட்டு வருகிறது. நாவலின் பக்கத்துக்கு வருடக்கணக்கில் யாரும் கை தட்டமாட்டார்கள். மனசு பாராட்டு வருகிற பக்கமே சாயும். நான் ஏரிக்கரைப் பறவைகளைப் பற்றி, திருவிழா உணவைப் பற்றி, வசைச் சொற்களைப் பற்றி எழுதிப் போட்ட மாதங்களில் பதிவுகள் நகர்ந்தன, நாவல் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுப்பில் பானை கொதிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு வேகாது, அந்த மாதிரி. உங்கள் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பதற்கு இதுவும் காரணமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், வெளியே போன விவரம் கெட்டிப்பட்டுவிடுகிறது. ஐந்தாம் ஏரியில் படகு கிடையாது என்று பதிவில் எழுதிவிட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் படகு தேவைப்பட்டது. வாசகர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். படகு வந்தது, ஆனால் அது ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் காரணம் கதைக்கு வலுச் சேர்த்தது என்பது என் எண்ணம், எப்போதும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இதை வேறு மாதிரி கையாண்டார். 'வார்பிரேக்கர்' நாவலை எழுத எழுத வரைவுகளைத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டார், பழைய வரைவையும் விட்டுவைத்தார். 2009-இல் அச்சில் வந்தது. வரைவு என்றால் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் யாருக்கும் ஏமாற்றமில்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தெளிவுதான். உங்கள் ஒவ்வொரு குறிப்பின் மேலேயும் 'வரைவு, மாறலாம்' என்று தேதியோடு எழுதுங்கள்.

நாமே காட்டுவதும் நம்மை மீறி வெளியே போவதும் ஒன்றில்லை. 2008-இல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயரின் 'மிட்நைட் சன்' நாவலில் பன்னிரண்டு அத்தியாயங்கள் அவர் அனுமதியில்லாமல் இணையத்தில் கசிந்தன. மனம் வெறுத்து எழுதுவதை நிறுத்தினார். கசிந்த பகுதியைத் தன் தளத்திலேயே வைத்துவிட்டார். நாவல் வந்தது 2020-இல். படிக்கக் கொடுத்த ஒரு பிரதி கைமாறியதில் இவ்வளவு. அதனால் முழு வரைவை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது, இணையத்தில் என்ன போடுகிறீர்கள் என்பதைவிட முக்கியம்.

3 பிப்ரவரி 2025

'அப்படியென்றால் யாரிடமும் காட்டாமல் இருப்பதே மேல்' என்று ஒருவர் முடித்துவிட்டார். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். ஆங்கில எழுத்தாளர் சகோதரிகளான ஷார்லட், எமிலி, ஆன் பிறந்த பிராண்ட்டி குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1826-இல் அப்பா வாங்கி வந்த மரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து அந்த நான்கு பிள்ளைகளும் உலகம் கட்ட ஆரம்பித்தார்கள். ஷார்லட்டும் தம்பி பிரான்வெல்லும் ஆங்க்ரியா என்ற நாட்டை எழுதினார்கள், எமிலியும் ஆனும் பிரிந்து போய் கோண்டால் என்ற தீவைக் கட்டினார்கள். பொம்மை படிக்கிற அளவுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள், பொடி எழுத்து. எமிலி பெரியவளாகி, சாகும் வயதுக்கு அருகில் வந்தபோதும் கோண்டாலை விடவில்லை. அதைப் படித்தது பெரும்பாலும் ஆன் ஒருத்திதான். 1846-இல் சகோதரிகள் புனைபெயரில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டபோது, எமிலி தன் கவிதைகளிலிருந்து கோண்டால் பெயர்களை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். உலகம் தெரியாமலே அந்தக் கவிதைகள் நிற்கின்றன.

ஒரே ஒரு வாசகி, ஆனால் உலகத்தை உள்ளே இருந்து தெரிந்தவள். அப்படி இரண்டு மூன்று பேர் கிடைத்தால் போதும். கடவுச்சொல் உள்ள சிறிய குழுவில் அத்தியாயங்களைப் பகிர்வதைப் பல இதழ்கள் வெளியீடாகக் கணக்கில் எடுப்பதில்லை. அனுப்பும் இடத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

11 பிப்ரவரி 2025

படங்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்தேன் தம்பி. கோட்டைக்கு இணையத்திலிருந்து எடுத்த யாரோ ஒருவரின் ஓவியம் இருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள். நாம் திருட்டுக்குப் பயந்துகொண்டே அடுத்தவர் படத்தை மாட்டிவைக்கக் கூடாது.

எஸ்.சி.பி. என்ற கூட்டுக் கற்பனை உலகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2007-இல் பெயரில்லாத ஒருவர் போட்ட ஒற்றைப் பதிவிலிருந்து பிறந்தது. அந்த முதல் பதிவோடு இருந்த படம் ஜப்பானியச் சிற்பி இசுமி கட்டோவின் சிற்பம். அவரைக் கேட்காமல் போட்டது. பின்னாளில் வணிக நோக்கில் பயன்படுத்தாதவரை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தளத்தின் எழுத்து முழுவதும் யாரும் விற்கவும் செய்யலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளி முன்கூட்டியே எல்லாருக்கும் அனுமதி தரும்) உரிமத்தில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. கடைசியில் 2022-இல் படத்தை எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகம், அதைப் பிறப்பித்த பதிவில் இன்று இல்லை.

வரைபடச் செயலிகளின் உரிமத்தையும் பாருங்கள். இலவசக் கணக்கில் வரைந்ததை விற்கும் புத்தகத்தில் போட அனுமதிக்காதவை உண்டு. என் வரைபடம் சாட்டையில்லாத பம்பரம் போலக் கோணலாக இருந்தாலும் கையால் வரைந்தது.

12 பிப்ரவரி 2025

உரிமம் பற்றி இன்னும் கொஞ்சம், கேட்டவர்களுக்காக. கிரியேட்டிவ் காமன்ஸில் பல வகை உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும், விற்கலாம் என்பதிலிருந்து, விற்கவும் கூடாது மாற்றவும் கூடாது என்பது வரை. ஒருமுறை கொடுத்த உரிமத்தை, ஏற்கனவே எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. பிறர் உங்கள் நாட்டில் கதை எழுத வேண்டும் என்று விரும்பினால் கொடுங்கள், அழகான முடிவு. நாவலை நீங்களே விற்க நினைத்தால் ஒன்றும் கொடுக்காதீர்கள், சட்டம் தரும் முழு உரிமை தானாக இருக்கும்.

உரிமம் பற்றிப் பேசாமலே உலகம் கைவிட்டுப் போவதும் உண்டு. ஸ்லெண்டர் மேன் என்ற முகமில்லாத உருவத்தை 2009 ஜூனில் ஓர் இணையக் குழுவில் இரண்டு ஒட்டுப் படங்களாகத்தான் எரிக் நுட்சன் போட்டார். கொஞ்ச நாளில் அது பழைய நாட்டார் பேய் என்றே பலர் நம்பினார்கள். பிறர் காணொளித் தொடர் எடுத்தார்கள், விளையாட்டு செய்தார்கள். 2018-இல் ஹாலிவுட் படமும் வந்தது. ஒரு படைப்பாளிக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. என் ஏரிகளுக்கு இப்படி நடந்தால் தாங்குவேனா என்று கேட்டால், தாங்கமாட்டேன். அந்தப் பெண்ணின் கதையை நான் சொல்லி முடிக்க வேண்டும்.

20 பிப்ரவரி 2025

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று மூன்று நாளாகக் கேட்கிறார்கள்.

பொதுவெளியில் போட்டதை எந்திரங்கள் எடுக்கும். காமன் கிரால் போன்ற அமைப்புகள் பல வருடங்களாக இணையப் பக்கங்களைச் சேகரிக்கின்றன. தளம் உங்களுடையதாக இருந்தால் ரோபாட்ஸ் கோப்பில், அதாவது எந்திரங்கள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் கோப்பில், தடை எழுதலாம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ உட்படச் சில நிறுவனங்கள் அதை மதிப்பதாகச் சொல்கின்றன. எல்லாரும் மதிப்பார்கள் என்று உறுதியில்லை. முகநூல் போன்ற இடங்களில் அந்தக் கோப்பும் உங்கள் கையில் இல்லை. பயிற்சிக்கு எடுப்பது சட்டப்படி சரியா என்பது இந்தியாவில் இன்னும் முடிவாகவில்லை. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது.

நீக்கிவிட்டால் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கலாம். போடும்போதே, இது என்றைக்கும் வெளியே இருக்கும் என்று எண்ணிப் போடுங்கள். என் கணக்கு மாறவில்லை: சட்டமும் வரைபடமும் வெளியே, பெண்ணின் கதை உள்ளே.

1 மார்ச் 2025

நீங்கள் போட்ட சிறுகதையைப் படித்தேன் தம்பி. கலைக்களஞ்சியம் போல அடுக்காமல் அந்த நாட்டில் நடக்கும் ஒரு சின்னச் சம்பவத்தைக் கதையாகப் போட்டது ரொம்பச் சரி. நாவலுக்கு முந்நூறு வருடம் முன்னால் நடப்பதால் எந்த ரகசியமும் உடையவில்லை. வாசகருக்கு உங்கள் குரலும் தெரிந்துவிட்டது.

நாணயம் அடிக்கும் கிழவர் வருகிறாரே, அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது. ஐந்து குடும்பங்களின் பெயரையும் ஒரே பத்தியில் சொல்வதை வெட்டுங்கள், அவருக்குக் கூலி பாக்கி வைத்த குடும்பம் ஒன்று போதும். நாணயத்தில் ஈயம் கலப்பது பற்றிக் கீழே ஒரு பொற்கொல்லர் எழுதியிருக்கிறார் பாருங்கள், உரசிப் பார்க்கும் விதமும் சொல்லியிருக்கிறார். அவருக்கு முதலில் பதில் போடுங்கள். நாலாம் அத்தியாயம் தயாரானதும் பொதுவில் போட வேண்டாம், எனக்கும் அந்தப் பொற்கொல்லருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.